பஸ்ஸுக்கு வாய் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்களுக்கும் வாசகர்களுக்கும் பொங்கல் வாழ்த்துகள்.

ரங்கூன் (யாங்கோன்) நகரின் தக்கேத்தா பகுதியிலிருந்து 2018 ஜனவரியில் எழுதுகிறேன். வயது 66. 1972 முதல் 1989 வரை 17 வருஷம் இந்த ஊர் லைன் கார்களில், அதாவது தடத்தில் ஓடும் பஸ்களில், சப்பயா வேலை பார்த்தவன். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: பஸ் கண்டக்டரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். பஸ் நிறுத்தத்தில் நான் நின்றால் இன்றும் என் காது வண்டியின் சத்தத்தைத்தான் முதலில் பிடிக்கும், கண் பிறகுதான் பார்க்கும். அதனால்தான் இந்தக் கடிதம்.

வருகிற 16-ஆம் தேதியோடு ரங்கூனில் புது பஸ் முறை வந்து ஒரு வருஷம் ஆகிறது. 2017 ஜனவரி 16, திங்கட்கிழமை. நமக்கு அது காணும் பொங்கல். நகரம் முழுக்க ஓடிய 300-க்கும் மேற்பட்ட தடங்களை ஒரே ராத்திரியில் 60 சொச்சமாகக் குறைத்து, எல்லாவற்றுக்கும் புது எண் போட்டு, ‘வை.பி.எஸ்.’ (யாங்கோன் பஸ் சர்வீஸ்) என்று பெயர் வைத்து விட்டார்கள். பேரப்பிள்ளைகளைக் கண்டோஜி ஏரிக்கரைக்குக் கூட்டிப்போவதாக நான் வாக்குக் கொடுத்திருந்த நாள் அது. புளிச்சோறு கட்டி, தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொண்டு காலை ஒன்பது மணிக்கு நிறுத்தத்துக்குப் போனோம். திருவிழாக் கூட்டம். எந்த வண்டி எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. கழுத்தில் அட்டை மாட்டிய கல்லூரிப் பிள்ளைகள் கையில் தடப்படத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போய், “அம்மா எங்கே போகணும், ஐயா எங்கே போகணும்” என்று கேட்டு ஏற்றிவிட்டார்கள். சம்பளம் இல்லாமல் வெயிலில் நின்று செய்தார்கள். அந்தப் பிள்ளைகளை நான் மறக்கவில்லை. கடிதத்தின் கடைசியில் அவர்களைப் பற்றி இன்னொரு தடவை எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பழைய முறை போனதற்கு நான் வருத்தப்படவில்லை. பழைய சப்பயா என்பதால் பழசுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த முறையின் உள்ளே 17 வருஷம் இருந்து பார்த்தவன் நான்.

அப்போது எங்களுக்குச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. வண்டி ஓனருடையது. சாயங்காலம் ஓனர் காசு என்று ஒரு தொகையை எண்ணிக் கையில் கொடுத்துவிட வேண்டும். எண்ணெய்ச் செலவும் எங்கள் தலையில். எல்லாம் போக மிஞ்சுவதை டிரைவரும் சப்பயாவும் பங்கு போட்டுக்கொள்வோம். மிஞ்சவில்லை என்றால் அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரியாது. முன்னால் ஒரு வண்டி போனால் அது நம் வீட்டு அரிசியை அள்ளிக்கொண்டு போகிற மாதிரிதான் தெரியும். அதனால்தான் துரத்துவோம். நிறுத்தத்தில் ஆள் குறைவாக நின்றால் நிற்காமல் போவோம், அதிகமாக நின்றால் பத்து நிமிஷம் கிடந்து உள்ளே அடைப்போம். “ஷே தோ, ஷே தோ” என்று முன்னால் தள்ளிக்கொண்டே இருப்போம். உள்ளே மூச்சு விட இடம் இருக்காது, நாங்கள் இன்னும் பத்துப் பேரை ஏற்றுவோம்.

ஒரு மழைக்காலச் சாயங்காலம், பள்ளிக்கூடப் பையன் ஒருவன் பின் படியில் ஒற்றைக் காலை வைத்துத் தொங்கிக்கொண்டு வந்தான். பச்சை லுங்கி, வெள்ளைச் சட்டை, தோளில் ஷான் பை. பக்கத்தில் அதே தடத்து வண்டி எங்களை முந்த வந்தது. எங்கள் டிரைவர் விடவில்லை, ஒதுங்கவும் இல்லை. இரண்டு வண்டியின் பக்கப் பலகையும் உரசின. பையன் விழவில்லை, நான் அவன் சட்டைக் காலரைப் பிடித்திருந்தேன். ஆனால் பை அறுந்து விழுந்தது. நோட்டுப் புத்தகமெல்லாம் தண்ணீரில் பரந்து கிடந்தது. இறங்கி எடுத்துக்கொடுக்க எங்களுக்கு நேரம் இல்லை. அடுத்த நிறுத்தத்தில் அவன் இறங்கி, அழுதுகொண்டே பின்னோக்கி ஓடினான். அந்தப் பையனுக்கு இப்போது நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். இன்றைக்குக் கதவை மூடிய பிறகு நகரும் வண்டியில் ஏறும்போதெல்லாம் அவன் ஞாபகம் வருகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே புது முறை வந்தது நல்லது என்பேன்.

வண்டிகளும் அப்படித்தான். நான் முதலில் ஏறியது ஹீனோ டி.இ. 11. போர் இழப்பீட்டுக் கணக்கில் ஜப்பான் செய்து கொடுத்த திட்டத்தில் இங்கேயே பூட்டிய லாரி அது. அதன் மேல் மரத்தால் உடம்பு கட்டி, இரண்டு பக்கமும் நீளப் பலகை போட்டால் பஸ். 1970 டிசம்பரில் ஒரே நாளில் சாலையின் இடது பக்கம் ஓடிய வண்டிகளை வலது பக்கம் ஓட வைத்தார்கள். பிற்காலத்தில் ஜப்பானில் ஓடித் தேய்ந்த பஸ்கள் வந்தன. அவற்றின் கதவு இடது பக்கம், திறந்தால் நடுச்சாலை. வலது பக்கம் தகரத்தை வெட்டிப் புதுக் கதவு வைத்து ஓட்டினார்கள். ஸ்டியரிங் மாறாது. டிரைவருக்கு ஏறுகிற இறங்குகிற ஆள் தெரியாது, சப்பயாவின் கண்தான் அவர் கண். அந்த வண்டிகளைப் பார்த்துப் பழகிய நமக்குச் சீனாவிலிருந்து இப்போது வந்திருக்கும் கேஸில் ஓடும் புது வண்டிகள் பெரிய நிம்மதி. கதவு சரியான பக்கம் இருக்கிறது. படி தாழ்ந்திருக்கிறது. முழங்கால் தேய்ந்த எனக்குப் படி தாழ்ந்திருப்பதன் அருமை தெரியும்.

பெண் பிள்ளைகள் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். 2012-இல் பஸ் நிறுத்தங்களில் பெண்களுக்கு விசில் கொடுத்தார்கள். நெரிசலில் யாராவது கை வைத்தால் ஊதச் சொன்னார்கள். என் மகளும் ஒன்று வாங்கி வந்து சாமி படத்துக்குக் கீழே ஆணியில் மாட்டி வைத்திருந்தாள், வேலைக்குப் போகும்போது எடுத்துப் போவாள். அப்பா வேலை பார்த்த அதே வண்டியில் ஏற மகளுக்கு விசில் வேண்டியிருந்தது. நெரிசல் இன்னும் முழுக்கத் தீரவில்லை. ஆனால் ஆளை அடைத்தால்தான் காசு என்ற கட்டாயம் ஓட்டுகிறவருக்கு இல்லை, மாதச் சம்பளம் வருகிறது.

இத்தனையும் ஒப்புக்கொண்ட பிறகுதான் என் குறையைச் சொல்கிறேன். ஆரம்பத்தில் சில வண்டிகளில் சப்பயா இருந்தார்கள். பிறகு டிரைவர் பக்கத்தில் காசுப் பெட்டி வந்தது, சப்பயா இறங்கிவிட்டார்கள். காசு வாங்குவது மட்டும்தான் சப்பயாவின் வேலை என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கு தப்பு. அவன் வண்டியின் வாய்.

வண்டி நிறுத்தத்துக்கு வருவதற்கு முன்பே சத்தம் வந்துவிடும். “சூலே, சூலே, பன்சொடான், சூலே!” என்று வண்டி போகிற இடங்களைக் கதவில் தொங்கிக்கொண்டு கத்துவோம். ஒவ்வொரு சப்பயாவுக்கும் ஒரு ராகம் உண்டு. பன்சொடானை நான் கடைசியில் இழுத்து விடுவேன். எண்ணைப் படிக்கத் தெரியாதவர்களுக்கும், கண் மங்கியவர்களுக்கும், கையில் பிள்ளையும் தலையில் கூடையுமாக நிற்பவர்களுக்கும் அந்தக் குரல் போதும். உள்ளே ஏறிய பிறகு ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் முன்னால் பெயரைச் சொல்லி “பா லா?” என்று கேட்போம். இறங்க ஆள் இருக்கிறதா என்று அர்த்தம். “பா தே” என்று யாராவது குரல் கொடுத்தால் மரப் பலகையில் இரண்டு தட்டு, வண்டி நிற்கும். ஒருவரும் பேசாவிட்டால் “ஸ்வே!” என்பேன், டிரைவர் இழுத்துக்கொண்டு போவார். வயதான அம்மா இறங்கினால் டிரைவருக்கு ஒரு சொல், மெதுவாக என்று. வயிற்றுப் பிள்ளைக்காரி ஏறினால் இன்னொரு சொல். யார் எங்கே ஏறினார்கள், யார் எங்கே இறங்க வேண்டும் என்பதெல்லாம் மண்டைக்குள் இருக்கும். “தம்பி, பெரிய ஆஸ்பத்திரி வந்தால் சொல்லு” என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிடுவார்கள். தோளைத் தொட்டு எழுப்புவோம்.

சில்லறைக் கணக்கைப் பற்றியும் கொஞ்சம் எழுத அனுமதியுங்கள். 1985-இலிருந்து இந்த நாட்டில் 75 கியாட் நோட்டு வந்தது, அப்புறம் 15, 35. கைக்குள் விரலுக்கு ஒரு நோட்டாக மடித்துச் செருகி வைத்துக்கொண்டு, ஓடுகிற வண்டியில் 75-ஐ வாங்கி மீதியைக் கணக்குப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தோம். 1987 செப்டம்பர் 5-ஆம் தேதி 25, 35, 75 மூன்றும் செல்லாது என்று அறிவித்தார்கள். மாற்று எதுவும் தரவில்லை. அன்று என் பையில் இருந்த ஓனர் காசில் பாதிக்கு மேல் வெறும் காகிதம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு 45, 90 என்று நோட்டு அடித்தார்கள். அந்த எண்களையும் மனதில் ஏற்றிக்கொண்டு மறுபடி சில்லறை கொடுத்தோம்.

இப்போது பெட்டி சில்லறை தராது. இந்த 2018 தொடக்கத்தில் பயணம் பெரும்பாலும் 200 கியாட், குறைந்த தூரத்துக்கு 100. போன வாரம் ஒரு காலைப் பயணத்தில் கண்டதை எழுதுகிறேன். கன்னத்தில் தனக்கா (மரப்பட்டைச் சந்து) பூசிய ஒரு பெண், தையல் வேலைக்குப் போகிறவள் போல, கையில் ஆயிரம் கியாட் நோட்டோடு ஏறினாள். பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். பின்னால் ஏறுகிறவர்களிடம் கையை நீட்டி, பெட்டியில் போட வேண்டிய காசைத் தன்னிடம் தரச் சொல்லிக் கேட்டு வாங்கினாள். யானை மரம் இழுக்கும் படம் போட்ட 200 நோட்டு நாலு சேர்ந்ததும், டிரைவர் பார்க்கும்படி ஆயிரத்தை விரித்துக் காட்டிப் பெட்டிக்குள் விட்டாள். இது நாணயமான வழி, ஜனங்களே கண்டுபிடித்த வழி. ஆனால் அன்று அதே இடத்தில் ஆயிரத்தோடு இன்னும் மூன்று பேர் காத்து நின்றார்கள். வழி அடைத்தது. டிரைவர் ஒரு கண்ணைச் சாலையிலும் ஒரு கண்ணைப் பெட்டியிலும் வைத்துக்கொண்டு ஓட்டினார். சட்டைக்காலரைப் பிடிக்கும் கை பழைய வண்டியிலாவது ஒன்று இருந்தது என்று எனக்குத் தோன்றியது.

இனி என் அக்காவைப் பற்றி.

அக்காவுக்கு 74 வயது. பள்ளிக்கூடங்களை அரசு எடுத்துக்கொள்வதற்கு முன்னால், தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள். தமிழ் சரளமாகப் படிப்பாள். பர்மிய மொழி பேசுவாள், சந்தையில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது. ஆனால் பர்மிய எழுத்து வராது. எண் தெரியும், பக்கத்தில் இருந்தால் படிப்பாள், தூரத்தில் வரும் வண்டியின் எண் கண்புரைக்குள் மங்கிவிடும். அத்தான் இறந்த பிறகு 31 வருஷமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தக்கேத்தாவிலிருந்து ஊருக்குள் இருக்கும் காளி கோயிலுக்குத் தனியாகப் போய் வருகிறாள். அனவ்ரதா சாலையில் 1871-இல் நம் முன்னோர் கட்டிய கோயில். ஃபிரேசர் தெரு கோயில் என்றுதான் அவள் இன்னும் சொல்வாள். வீட்டிலிருந்து சைக்காவில் (சைக்கிள் ரிக்‌ஷாவில்) நிறுத்தம், அங்கிருந்து பஸ்ஸில் சூலே, சூலேயிலிருந்து மொகல் தெருவைக் கடந்து நடை. அவளுக்கு வெள்ளிக்கிழமை என்றால் இதுதான்.

கார்த்திகை மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை. தேங்காய், பழம், கட்டின மல்லிகை எல்லாம் கூடையில் வைத்துக்கொண்டு இரண்டு மணிக்குக் கிளம்பினாள். நிறுத்தத்தில் ஒன்றன் பின் ஒன்றாக மூன்று வண்டி. மூன்றும் ஒரே மாதிரி, மூன்றும் மௌனம். நடுவில் இருந்த வண்டியில் ஏறிவிட்டாள். உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து இடம் கொடுத்திருக்கிறார்கள். ஏ.சி. வண்டி, கண்ணாடியெல்லாம் கறுப்பு, அவள் உயரத்துக்கு வெளியே எதுவும் சரியாகத் தெரியவில்லை. தாம்வே பக்கம் திரும்பியதை அவள் கவனிக்கவில்லை. சூலே வரட்டும் வரட்டும் என்று உட்கார்ந்திருக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணாடிக்கு வெளியே பெரிதாகத் தண்ணீர் தெரிந்தது. இன்யா ஏரி. அது சூலே போகிற வழியே இல்லை. ஏரியைப் பார்த்ததும்தான் விஷயம் புரிந்தது. எழுந்து “பா தே, பா தே” என்று குரல் கொடுத்தாளாம். பழைய பழக்கம். வண்டிக்குள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டிரைவருக்குக் கேட்கவில்லை. ஹிலெடானில்தான் இறங்கினாள்.

அக்கா கைபேசி வைத்துக்கொள்வதில்லை. 2014-இல் சிம் விலை 1,500 கியாட்டுக்கு இறங்கியபோது மருமகன் ஒன்று வாங்கிக் கொடுத்தான், அது அலமாரியில் கிடக்கிறது. ஆனால் என் எண்ணை மட்டும் காகிதத்தில் எழுதி மடியில் முடிந்து வைத்திருப்பாள். ஹிலெடான் மேம்பாலத்துக்குக் கீழே ஒரு பர்மியக் கல்லூரிப் பெண்ணிடம் அந்தக் காகிதத்தை நீட்டியிருக்கிறாள். அந்தப் பிள்ளை போன் போட்டுச் சொல்லி, நான் போய்ச் சேரும் வரை ஒன்றரை மணி நேரம், கூடவே உட்கார்ந்திருந்தாள். அக்காவுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்திருந்தாள். காசு கொடுத்தேன், வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பெயரைக் கேட்காமல் வந்துவிட்டேன், அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

மணி ஆறாகிவிட்டது. கோயிலுக்குப் போகலாம் என்றேன். “வேண்டாம்டா தம்பி, வீட்டுக்குப் போயிடலாம்” என்றாள். வாடிய மல்லிகையை வீட்டில் அம்மன் படத்துக்குப் போட்டாள். தேங்காயை உடைக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த நாலு வெள்ளிக்கிழமையும் அவள் போகவில்லை. முழங்கால் வலி என்றாள். எனக்குத் தெரியும், முழங்கால் இல்லை. ஐந்தாவது வெள்ளிக்கிழமை நான் கூட்டிக்கொண்டு போனேன். கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். 31 வருஷம் தனியாகப் போன பெண் அவள்.

இது என் அக்காவின் கதை மட்டும் என்றால் எழுதியிருக்க மாட்டேன். கோயில் வாசலில் பூ விற்கும் அம்மா சொன்னார்: தாம்வேயிலிருந்தும் இன்சேனிலிருந்தும் வெள்ளிக்கிழமை தோறும் வந்த பாட்டிமார் சிலர், பேரன் பேத்தி கூட்டிவந்தால்தான் வருகிறார்களாம். போஸன்பா தெருவில் சூலியா பள்ளிவாசல் பக்கம் கடை வைத்திருக்கும் என் பழைய சிநேகிதரும் தன் தாயாரைப் பற்றி இதையே சொன்னார். பர்மியர், சீனர் வீட்டுக் கிழவர்களுக்கும் இதே பாடுதான் இருக்கும், கண் மங்குவதற்கு ஜாதி கிடையாது. இந்த ஊரில் மோட்டார் சைக்கிள் ஓட்ட அனுமதி இல்லை. டாக்சிக்குக் கொடுக்க எல்லாரிடமும் பணம் இல்லை. பஸ் விட்டால் கால்தான்.

போனில் தடம் காட்டும் வசதி வந்துவிட்டதே என்று சிறுசுகள் சொல்கிறார்கள். அது அவர்களுக்குச் சரி. சில புது வண்டிகளில் நிறுத்தத்தின் பெயரைச் சொல்லும் ஒலிபெருக்கி பார்த்தேன். பேசினால் நல்லதுதான். நான் ஏறிய அன்று அது பேசவில்லை. பேசினாலும் அது உள்ளே இருப்பவர்களுக்குத்தான் கேட்கும். வெளியே நிற்பவர்களுக்கு யார் சொல்வது? தப்பு வண்டியில் ஏறுவது வெளியே நிற்கும்போதுதான் நடக்கிறது.

என் தங்கை பேரன் ஒருவன், 23 வயது, நாலு வருஷம் சப்பயா வேலை பார்த்தான். நல்ல குரல். நகரத்தின் கிழக்குப் பாதி முழுக்க அவனுக்கு மனப்பாடம். எந்தத் தெருவில் இறங்கினால் எந்த மருந்துக்கடை, எந்த மடாலயம், எந்தப் பள்ளிக்கூடம், எல்லாம் சொல்வான். இப்போது பயின்னாங் சந்தையில் வெங்காய மூட்டை தூக்குகிறான். அவனைப் போல எத்தனை பேர் இந்த ஊரில் இருக்கிறார்கள்! அவர்களுக்குத் தெரிந்த வித்தை மூட்டைக்குக் கீழே கிடக்கிறது.

ஆகவே பொறுப்பில் இருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இது. ஒவ்வொரு வண்டியிலும் மறுபடி சப்பயா வையுங்கள் என்று கேட்கவில்லை, அது நடக்காது என்று எனக்குத் தெரியும். பெரிய நிறுத்தங்களில் வையுங்கள். சூலே, ஹிலெடான், தாம்வே, தக்கேத்தா முனை, இன்சேன் போன்ற இடங்களில் காலை மூன்று மணி நேரம், மாலை மூன்று மணி நேரம், பழைய சப்பயா இரண்டு பேர் நிற்கட்டும். வருகிற வண்டியின் எண்ணையும் போகிற ஊரையும் குரல் கொடுத்துச் சொல்லட்டும். கிழவர்களை ஏற்றிவிடட்டும், டிரைவரிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பட்டும். ஆயிரத்துக்குச் சில்லறையும் அவர்களே மாற்றிக் கொடுத்துவிட்டால் பெட்டிப் பக்கத்து நெரிசல் கீழேயே தீர்ந்துவிடும். புதிதாக எதையும் நான் சொல்லவில்லை. முதல் வாரம் அந்தக் கல்லூரிப் பிள்ளைகள் இதைத்தான் செய்தார்கள். அவர்கள் படிக்கப் போய்விட்டார்கள், போக வேண்டியதுதான். அந்த இடம் காலியாக இருக்கிறது, அந்த வேலை தெரிந்தவன் மூட்டை தூக்குகிறான்.

அடுத்தது தங்களுக்கு. நம் வீட்டு அம்மாமார் பலருக்குத் தமிழ் படிக்கத் தெரியும், பர்மிய எழுத்து தெரியாது. தமிழில் எழுதிய ஒரு தடப்பட்டியலை இந்த ஊரில் எங்கேயும் நான் பார்த்ததில்லை. தங்கள் பத்திரிகையில் வாரம் ஒரு கட்டம் ஒதுக்கினால் போதும். ஒரு வாரம் ஒரு வட்டாரம். தக்கேத்தாவிலிருந்து காளி கோயிலுக்கு எந்த எண், எங்கே இறங்குவது. இன்சேனிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு எந்த எண். சிரியம் பாலம் தாண்டி பீலிக்கான் முனீஸ்வரர் கோயில் திருவிழாவுக்கு எங்கே மாறுவது. எண்ணைப் பர்மிய எழுத்திலும் நாம் வழக்கமாக எழுதும் எண்ணிலும் பெரிதாகப் போடுங்கள். நறுக்கி மடியில் வைத்துக்கொள்ளும் அளவில் இருக்கட்டும். வழி தவறினால், பக்கத்தில் நிற்பவரிடம் அந்தத் துண்டை நீட்டினால் போதும், அவர் பர்மிய எண்ணைப் பார்த்து ஏற்றிவிடுவார்.

தகவல் சேகரிப்பதற்கு ஆள் தேட வேண்டாம். மார்கழி முதல் தேதியிலிருந்து நான் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். சட்டைப்பையில் 200 கியாட் நோட்டாக மாற்றி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடமாக, முனையிலிருந்து முனை வரை ஏறி இறங்குகிறேன். கோயில், பள்ளிவாசல், மாதா கோயில், ஆஸ்பத்திரி, சந்தை எது எந்த நிறுத்தத்துக்குப் பக்கம், இறங்கி எத்தனை அடி நடக்க வேண்டும், நடுவில் சாலையைக் கடக்க வேண்டுமா என்றெல்லாம் குறித்திருக்கிறேன். இதுவரை 19 தடம் முடிந்திருக்கிறது. தடத்தை அவர்கள் அவ்வப்போது மாற்றுவதால், இரண்டைத் திரும்பவும் போய்ப் பார்த்துத் திருத்தினேன். என் கையெழுத்து சுமார்தான், பேத்தி பிரதி எடுத்துத் தருகிறாள்.

இந்த மாதம் 31-ஆம் தேதி தைப்பூசம். அதற்குள் முதல் பட்டியல் வந்துவிட்டால் பால்குடம் எடுக்க வருகிறவர்களுக்கு உதவும். கோயில் நிர்வாகத்தாரிடமும் பேசியிருக்கிறேன், வாசலில் செருப்பு விடும் இடத்துக்கு மேலே ஒரு பலகை மாட்டச் சம்மதம் சொன்னார்கள். பலகைக்கும் பெயிண்டுக்கும் நான் செலவு செய்கிறேன். தமிழ் எழுத்து அழகாக எழுதத் தெரிந்த ஒருவர் வேண்டும், வாசகர்களில் யாராவது முன்வந்தால் நல்லது. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மேல் நான் அங்கே பூக்கடைப் பக்கம்தான் இருப்பேன், அக்காவும் கூட இருப்பாள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
பழைய சப்பயா,
தக்கேத்தா, ரங்கூன்.